ஓஸ் பைப்பும் நம் வடசென்னையும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "அண்ணே, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டோர்ஸ்ல குப்பை கொட்டினவர். நம்ம ஏரியா வரலாறா ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார். வரலாறு என்றால் மன்னர்களும் கோட்டைகளும் என்று நினைத்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த வரலாறு ரப்பர் ஓஸ் பைப் ஒன்றுதான் என்றேன். "அதையே எழுதுங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ஆகவே மாணவ நண்பர்களே, பழைய தோழர்களே, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

1976-ல் நம் கல்லூரியில் வேதியியல் முடித்தவன் நான். எங்கள் லேப் அட்டெண்டரை அந்த நாள் மாணவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. ஒவ்வொரு டெர்ம் தொடக்கத்திலும் அவர் கையில் கத்தரிக்கோலுடன் மேசை மேசையாக வருவார். பர்னரில் மாட்டியிருக்கும் ரப்பர் டியூபை இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பார். வளைவில் வெடிப்புக் கண்டால் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டி எறிவார். "நல்லாத்தானே அண்ணே இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணாடி உடைஞ்சா சத்தம் கேக்கும் தம்பி. ரப்பர் சத்தம் போடாம சாவும்" என்றார். அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

துணிக்குப் பிறந்த ஊர்

ஓஸ் பைப் என்றதும் எல்லோருக்கும் ரப்பர்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது பாதி ரப்பர், பாதி துணி. நம் வண்ணாரப்பேட்டையோ துணியால் பெயர் பெற்ற ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம் என்பதால் வந்த பெயர் இது. இன்றும் எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன்னால் கால் வைக்க இடம் கிடைக்காது.

அந்தத் துணி கப்பலுக்குப் போன விதத்தையும் சொல்ல வேண்டும். அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டு சேர்த்தது மசூலா படகு. அதன் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்க மாட்டார்கள். தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதிப் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரை சேரும். விறைத்து நிற்பது உடையும், வளைந்து கொடுப்பது பிழைக்கும் என்ற பாடத்தை நம் கடற்கரை மக்கள் ரப்பர் வருவதற்கு வெகு காலம் முன்பே கற்றிருந்தார்கள். ஓஸ் பைப்பின் தத்துவமும் அதேதான்.

ஒரு கப்பலையும் கரையையும் இரும்புக் குழாயால் இறுக்கமாக இணைக்க முடியுமா? முடியாது. சென்னைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். அது போக, சரக்கு இறங்க இறங்கக் கப்பலே பல மீட்டர் மேலே எழும்பும். ஆக, நடுவில் வளையக்கூடிய ஒன்று வேண்டும். ரயில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலும் அப்படித்தான்.

ரயில் என்றதும் ராயபுரம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பிற்காலத்தில் நம் ரயில்களில் வாக்குவம் பிரேக் வந்தது. பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் ரப்பர் ஓஸ் வழியாகக் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவார்கள். வெற்றிடம் இருக்கும்வரை வண்டி ஓடும். ஓஸ் கழன்றால் காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மறியல்காரர்கள் "ஓஸ் பைப்பைக் கழட்டி" ரயிலை நிறுத்தியதாகப் பேப்பரில் படித்திருப்பீர்களே, சூட்சுமம் இதுதான். பின்னர் ஏர் பிரேக் வந்தது. பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ, ஃபீட் குழாயில் 6 கிலோ அழுத்தம். இதிலும் ஓஸ் பிரிந்தால் காற்று வெளியேறி வண்டி நின்றுவிடும். கெட்டுப்போனாலும் ஆளைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. எல்லா ஓஸுக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடு கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் வந்த வழி

1670-களில் ஆம்ஸ்டர்டாம் நகரில் தீயணைக்க யான் வான் டெர் ஹெய்டன் என்பவர் செய்த ஓஸ் தோலால் ஆனது. தோல் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் அழுகும். பச்சை ரப்பரோ வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் அது பதப்படும் என்று கண்டுபிடித்தார். டயர் ஒட்டும் கடைகளில் "வல்கனைசிங்" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அந்த வித்தைதான். 1870-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குட்ரிச் கம்பெனி தொடங்கியபோது அதன் முதல் சரக்குகளில் ஒன்று துணி போர்த்திய தீயணைப்பு ஓஸ். ஓஸ் கதையில் ரப்பரும் துணியும் ஆரம்பத்திலேயே கைகோத்துவிட்டன.

1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. 1902-ல் கேரளத்தின் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் வேர் பிடித்தது. பாலை உறைய வைத்து, தகடாக்கி, புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட் அங்கிருந்து லாரியில் வடக்கே வரும்.

நம் பகுதிக்கு ரப்பர் தொழில் வந்த கதை வேடிக்கையானது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1952-ல் டிரெட் ரப்பர், 1961-ல் டயர். பக்கத்திலேயே எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். வண்டி என்றால் ரேடியேட்டர் ஓஸ், பிரேக் ஓஸ், பெட்ரோல் டியூப். ஆலை என்றால் காற்று, தண்ணீர், நீராவி, அமிலம். டி.எச். ரோட்டில் சங்கு ஊதும் நேரத்தில் சைக்கிளில் போன ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஓஸைக் கையால் தொட்டவர்தான் என்றால் மிகையாகாது.

மூன்று அடுக்கு

ஒரு ஓஸை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். உள்ளே உள்குழாய். அது உள்ளே ஓடும் பொருளோடு உறவாடுவது. வெளியே மேலுறை. அது வெயிலையும் உராய்வையும் தாங்குவது. நடுவில் இருப்பது நூல், கான்வாஸ் துணி அல்லது எஃகுக் கம்பி. அழுத்தத்தைத் தாங்குவது இந்த நடு அடுக்குதான். ரப்பருக்குத்தான் பெயர், பாரம் சுமப்பதோ துணி!

கணக்கு ஒன்று சொல்கிறேன். உள்விட்டம் இரண்டரை செ.மீ. உள்ள ஓஸில் சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் இருந்தால், ஒவ்வொரு செ.மீ. நீளத்திலும் 25 கிலோ விசை அதைப் பிளக்கப் பார்க்கும். வெறும் ரப்பர் பலூன் மாதிரி ஊதிவிடும். அதனால்தான் நூலைச் சுற்றிப் பின்னுகிறார்கள். எந்தக் கோணத்தில் பின்னுவது? ஓஸின் நீளவாக்கிலிருந்து சுமார் 54 பாகை 44 நிமிடம். குறுக்காகப் பிளக்கும் விசை நீளவாக்கில் இழுக்கும் விசையைப் போல இரு மடங்கு என்பதால், டேன் தீட்டாவின் வர்க்கம் இரண்டு என்று கணக்கு வரும். கணக்குத் துறை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கோணத்தில் பின்னிய ஓஸ், அழுத்தம் ஏறினால் நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது.

செய்யும் முறையும் எளிமையானதுதான். நீளமான இரும்புத் தண்டின் மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் துணி, அதன்மேல் மறுபடி ரப்பர். ஈரமான துணி நாடாவால் இறுக்கிச் சுற்றி நீராவிக் கலத்துக்குள் தள்ளி வேக வைப்பார்கள். வெந்ததும் நாடாவை உரித்துத் தண்டை உருவிவிடுவார்கள். சில ஓஸ்களின் மேல் துணி நெய்த தடம் பதிந்திருப்பது அந்த நாடாவின் கையெழுத்து.

உறிஞ்சுகிற ஓஸ் வேறு ரகம். அதற்குள் காற்றின் எடை வெளியிலிருந்து நசுக்கும். நசுங்காமலிருக்கச் சுருள் கம்பி வைப்பார்கள். கம்பி இல்லாத ஓஸை மோட்டாரின் உறிஞ்சும் பக்கம் மாட்டினால் கோடைக்கால லாரித் தண்ணீர்க் குழாய் மாதிரி தட்டையாகிப் போகும்.

எண்ணெய் வந்த கதை

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன், துறைமுகத்திலிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. "எம்டன்" என்ற வார்த்தை நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வடசென்னைக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு. 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை டெப்போக்களில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டின.

எண்ணெய்க்கும் சாதா ரப்பருக்கும் ஆகாது. ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் பார்த்தால் ஊதிப்போய், இழுத்தால் பிய்ந்து வரும். ஆகவே எண்ணெய்க்கென்று வேறு ரப்பர் தேடினார்கள். 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் நியோப்ரீன் கண்டுபிடித்தார்கள். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் நைட்ரில் வந்தது. எண்ணெய் ஓஸின் உள்குழாய்க்கு நைட்ரில்தான் பொருத்தம். 1960-களில் வந்த ஈ.பி.டி.எம். நேர் எதிர். நீராவிக்கும் வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது, எண்ணெய் பட்டால் கெட்டுவிடும். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம்!

பெட்ரோல் ஓஸில் இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோல் ஓடும்போது நிலை மின்சாரம் சேரும். ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் ஓஸுக்குள் செம்புக் கம்பி ஓடவிட்டு இரண்டு முனையிலும் இரும்போடு இணைப்பார்கள். வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் ஓஸ் சிவப்பு, அதன் மரை இடப்பக்கம் திரும்பும். ஆக்சிஜன் மரை வலப்பக்கம். தூக்கக் கலக்கத்தில்கூட மாற்றி மாட்ட முடியாது. யாரோ ஒருவர் செத்த பிறகுதான் இந்த மாதிரி யோசனைகள் தோன்றியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

இனி என் கதை. பட்டம் வாங்கியதும் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை கிடைத்தது. ஆலையின் பெயர் வேண்டாம். 1979, நைட் ஷிப்ட். ஃபிட்டர் மேஸ்திரி ஜன்னலில் வந்து நின்றார். "தம்பி, ஸ்டீம் லைனுக்கு ஓஸ் வேணும். இருபது அடி."

ஸ்டீம் ஓஸ் ஸ்டாக் இல்லை. மூலையில் கறுப்பாக ஒரு ஓஸ் சுருட்டிக் கிடந்தது. அது தண்ணீருக்கு வாங்கியது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், எல்லாம் கறுப்புதான். "இது ஆவுமா தம்பி?" என்று கேட்டார். படித்தவன் என்று என்னைக் கேட்டார். நான், "தடிமனாத்தான் மேஸ்திரி இருக்கு, இப்போதைக்கு ஓட்டுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

நீராவி சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தத்தில் 170 டிகிரி சூட்டில் இருக்கும். தண்ணீர் ஓஸின் ரப்பரும் பருத்தி நூலும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. முதல் நாள் தாங்கியது. இரவில் ஆறியபோது மிஞ்சிய தண்ணீர் உள்குழாயில் ஊறியது. மறுபடி நீராவி விட்டதும் ஊறிய நீர் ரப்பருக்குள்ளேயே ஆவியாகிச் சோளப்பொரி மாதிரி பொரிந்தது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. மூன்றாம் நாள் விடியற்காலை ஓஸ் வெடித்தது. மேஸ்திரியின் இடது கை தோள்பட்டை வரை வெந்துபோனது. பிழைத்தார். ஆனால் அந்தக் கை பிறகு முழுசாக மடங்கவே இல்லை.

விசாரணையில் "ஓஸ் பழையது" என்று எழுதினார்கள். ஓஸ் பழையதல்ல, புதியது. தவறான ஓஸ், கொடுத்தவன் நான். நான் வாய் திறக்கவில்லை. புதுசாக வந்த வேலை, வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற இரண்டு தங்கைகள். எல்லாக் காரணமும் இருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள இன்னா துணி போட்டிருக்கான்னு நீயும் பாக்கல, நானும் பாக்கல. வுடு. இனிமேலாச்சும் பாத்துக் குடு" என்றார். லேப் அட்டெண்டர் சொன்னது அன்றைக்குத்தான் விளங்கியது.

அதன் பிறகுதான் படித்தேன். இந்தியத் தர நிர்ணய எண்களை மனப்பாடம் செய்தேன். தண்ணீருக்கு ஐ.எஸ். 444, காற்றுக்கு 446, வெல்டிங்குக்கு 447, தீயணைப்புக்கு 636, நீராவிக்கு 10655. நீராவி ஓஸ் வேலை அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கில்தான் வெடிக்க வேண்டும் என்பது விதி. ஓஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டு போட்டேன். எந்தப் பொருளுக்கு, எவ்வளவு அழுத்தம், எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதி, முனையில் பெயின்ட் பட்டை அடித்தேன். நீராவிக்குச் சிவப்பு, காற்றுக்கு நீலம், அமிலத்துக்கு மஞ்சள். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துக் கேட்பார். "இவன் ஒரு ஓஸ் பைத்தியம்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் ஓய்வு பெறும்வரை என் ஜன்னலிலிருந்து தவறான ஓஸ் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

இன்றைக்கு

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வண்ணாரப்பேட்டைக்கு 2019-லும் விம்கோ நகருக்கு 2021-லும் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. சைக்கிள் கூட்டம் போய்விட்டது. ஆனால் குழாய்கள் போகவில்லை, நம் காலடியிலும் கடலடியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரை முழுக்க எண்ணெய் படிந்தது. உறிஞ்சு லாரிகளைக் கொண்டுவந்தார்கள். ஓஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உறிஞ்சுவது என்பது காற்று தள்ளிவிடுவதுதான். காற்றின் அழுத்தம் சுமார் பத்து மீட்டர் தண்ணீரைத் தூக்கும், தார் மாதிரிக் கெட்டியான கசடை அசைக்கத் திணறும். கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அங்கே கசிந்தது ரப்பர் ஓஸ் இல்லைதான். ஆனால் குழாய் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உள்ளே ஓடுவது என்ன, அதைத் தாங்கிப் பிடித்திருப்பது எது, அதைக் கடைசியாகப் பார்த்தது யார்?

மாணவ நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் சமையலறையில் காஸ் அடுப்பின் கீழே குனிந்து பாருங்கள். அங்கே இருப்பதும் மூன்று அடுக்கு ஓஸ்தான், நடுவில் எஃகுக் கம்பி. அதன் மேல் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் தேதியும் இருக்கும். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அம்மாவிடம் சொல்லி உடனே மாற்றச் சொல்லுங்கள். "நல்லாத்தானே இருக்குது?" என்பார்கள். ரப்பர் சத்தம் போடாமல் சாகும் என்று சொல்லுங்கள்.

சென்னை நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் காஸும் நம் வடசென்னை வழியாகத்தான் எத்தனையோ வருடம் போயிற்று. அழுத்தத்தைத் தாங்கிய நடு அடுக்கு நம் மக்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த அடுக்கு தெரியாது. நமக்காவது தெரிய வேண்டும்.

மேஸ்திரி இப்போது உயிருடன் இல்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை இந்த மலரில் எழுதிவிட்டேன்.  வாழ்க நம் கல்லூரி!